நூற்றுக்கு மேல் போன கணக்கு

மாத்திரை மிஞ்சினால் திட்டு விழும். அது அந்த மையத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். மிஞ்சினால் போடாமல் விட்டாய் என்று பொருள். குறைந்தால் என்ன சொல்வார்கள் என்றுதான் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை, கொடுத்ததற்கும் மேலே விழுங்குகிற மனுஷர் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஓசூர் ஏ.ஆர்.டி. மையத்தில் அந்தப் பெருமை ரூபா ஒருத்திக்குத்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் தினம் ஒன்றாக ஆயுசு முழுக்கப் போட வேண்டிய மாத்திரை அது. ஒவ்வொரு தடவை வரும்போதும் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். ஆலோசகர் பாஸ்கரன் அதைத் தட்டில் கவிழ்த்து எண்ணுவார். கொடுத்தது எவ்வளவு, கழிந்த நாள் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் பாஸ். அதற்குக் கீழே போனால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் பாகலூர் பஸ் இரண்டு போய்விடும்.

ரூபாவுக்குப் போன இரண்டு தடவையும் நூறைத் தாண்டி வந்தது. முதல் தடவை பாஸ்கரன் சிரித்தார். "பரீட்சையில கூட இப்படி மார்க் வாங்குனவங்களை நான் பாத்ததில்லைம்மா" என்றார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. "கம்பெனியில ஷிஃப்ட் மாறி மாறிப் போறீங்க. போட்டதை மறந்துட்டு மறுபடியும் போட்டிருப்பீங்க. கவனமா இருங்க" என்றார். ரூபா நம்பினாள். எதையும் நம்புகிற நிலையில்தான் அவள் இருந்தாள். சோறு தின்றோமா இல்லையா என்பதே சில நாள் அவளுக்கு நினைவிருக்காது. மாத்திரை எந்த மூலைக்கு? பாட்டில் முன்னதாகவே தீர்ந்துபோனபோது, தன் மறதிக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை போல, அடுத்த பாட்டில் வரும்வரை மாத்திரை இல்லாமலே இருந்தாள். அதனால் ரத்தத்தில் வைரஸ் கொஞ்சம் ஏறியிருந்தது.

இன்றைக்கு அவள் வந்தது வேறு காரியத்துக்கு. "சார், நான் பாரூருக்குப் போறேன், எங்கம்மா ஊட்டுக்கு. இனிமே கிருஷ்ணகிரியில மாத்திரை வாங்கிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே அங்கதான்."

பாஸ்கரன் அவள் முகத்தைப் பார்த்தார். "பாப்பா?"

"பாப்பா இங்கயே இருக்கும். அவங்க பாட்டிகிட்ட."

அதைச் சொல்லும்போது அவள் குரல், பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்கிற குரல் மாதிரிதான் இருந்தது. மேகலாவுக்கு நாலு வயசு. ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பிள்ளை தன் கையை விட்டுப் போய்விடும் என்பது ரூபாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி மனசு முழுக்க மரத்துக் கிடந்தது.

"இடம் மாத்தி எழுதணும்னா, கையில இருக்கறதை எண்ணித்தான் எழுதணும்" என்று பாஸ்கரன் பாட்டிலை வாங்கினார். வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தார். கம்பெனி பஸ்ஸில் பை குலுங்கும்போது மாத்திரை சத்தம் போட்டு ஊரைக் கூட்டாமல் இருக்க ரூபா வைத்த பஞ்சு அது. பிறகு தட்டில் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் விழுந்தன. ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் விழுந்தது. பாட்டிலின் அடியை இரண்டு தட்டுத் தட்டியதும் கடைசியாக ஒன்று விழுந்தது.

பாதி மாத்திரை.

"இது என்னம்மா?"

ரூபா பார்த்தாள். கத்தி வைத்து வெட்டியது அல்ல. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து நடுவில் அழுத்தி உடைத்தது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அவள் ஒரு நாளும் மாத்திரையை உடைத்ததில்லை. உடைத்தது யார் என்பது பார்த்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தன் மறதி, தன் ஷிஃப்ட், தன் புத்தி கெட்டுப்போனது என்று இத்தனை நாள் நினைத்தது எல்லாம் பொய் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் நெஞ்சு திக்கென்று ஆகவில்லை. அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"உடைச்சுப் போடக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன்ல?"

"நான்தான் சார் ஒடச்சேன். பெருசா இருக்குது. தொண்டையில நிக்குது."

"ரெண்டு வருஷமா நிக்காத தொண்டையில இப்ப நிக்குதா?"

பாஸ்கரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் வழக்கமான பேச்சைத் தொடங்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரர் வெளியில டெஸ்ட் எடுத்தார், நார்மல்னு சொன்னீங்க. அந்த ரிப்போர்ட்டை நான் பாக்கலை. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"யாரோ உங்க பாட்டில்ல கை வைக்கறாங்க. யாருன்னு நான் கேக்கலை. அவங்களைக் கூட்டிட்டு வாங்க, அது போதும். அவங்க பேர்ல தனி பாட்டில் கொடுக்கறேன். காசா பணமா, கவர்மென்ட் கொடுக்குது. ஆனா இந்த மாதிரி பாதி பாதியா, நெனச்சப்ப நெனச்சப்ப போடறது சும்மா இருக்கறதைவிட மோசம். அந்தக் கிருமி மருந்தையே பழகிக்கும். அப்புறம் எதுக்கும் கேக்காது."

இடமாற்றக் கடிதத்தை அவர் அன்றைக்கு எழுதவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் போதுமான மாத்திரையைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். பாதி மாத்திரையை மட்டும் காகிதத்தில் மடித்துத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மாத்திரையை உடைக்கிற கை ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் பிரேம்குமாருடைய கை. இங்கிலீஷ் மருந்து சூடு என்பது அவன் சித்தாந்தம். முழு மாத்திரை போட்டால் வயிறு வெந்துவிடும், கண் எரியும், பாதிதான் உடம்புக்கு ஏற்றது என்பான். தலைவலிக்குப் பாதி, காய்ச்சலுக்குப் பாதி. மாட்டாஸ்பத்திரியில் ஆட்டுக்குக் கொடுத்த மாத்திரையைக்கூடப் பாதியாக உடைத்துத்தான் போட்டான். ஆடு செத்துப்போனது, அப்போதும் சூட்டினால்தான் செத்தது என்றான். செடிக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. பாகலூருக்குப் பக்கத்தில் அவர்கள் நிலத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டம் இருக்கிறது. அங்கே பூச்சி மருந்தை மூடியில் கோடு வரைக்கும், கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் ஊற்றுவான். ரோஜாவுக்கு இருந்த யோகம் ஆட்டுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

பாகலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரூபா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மேகலா வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தங்கியபோது எடுத்த ரத்தத்தில் நோய் இருந்தது. அந்தக் கரு மூன்றாம் மாசமே கலைந்தது. ஆக, நோய் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த நோய். அப்படி வருவதற்கு வீட்டார் ஒரே ஒரு வழியைத்தான் பார்த்தார்கள். கம்பெனி.

"நைட் ஷிஃப்டு போறவளுக்கு வராம, மண்ணுல கெடக்கற எம்புள்ளைக்கா வரும்?" என்றாள் மாமியார் நஞ்சம்மா.

பிரேம்குமார் மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். அன்றைக்கே முடிந்தது ரூபாவின் கதை. அவளுக்குத் தனித் தட்டு, பின்கட்டில் மருந்து மூட்டையும் உரமும் வைக்கிற அறை, துணி துவைக்கத் தனிக் கல். பிள்ளை பாட்டியோடு படுத்தது. ரூபா தன் கையால் ஒரு வாய் சோறு ஊட்டினால் நஞ்சம்மா ஓடி வந்து தட்டைப் பிடுங்குவாள். பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது, தொட்டால் ஒட்டாது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. புருஷனுக்கு இல்லை என்றால் தனக்கு எங்கேயிருந்து வந்தது? ரூபா தன்னையே குடைந்தாள். கம்பெனியில் ரத்தம் எடுத்தார்களே, அந்த ஊசியா? ஓசூரில் கடைவாய்ப் பல் பிடுங்கினாளே, அந்த டாக்டரின் குறடா? கடைசியில் பல் டாக்டர்தான் என்று முடிவு கட்டி, அந்த முகம் மறந்துபோன மனுஷனையும் அவர் குடும்பத்தையும் மனசுக்குள் தினம் சபித்து வந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இப்போது குடும்பம் கூடிப் பேசி முடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முனிவேல் வண்டி கொண்டுவருவான். அவளையும், கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த பீரோவையும் ஏற்றிக்கொண்டு பாரூர் போவான். சீர் பீரோ வீட்டைவிட்டு இறங்கினால் அப்புறம் திரும்பி வராது. பிள்ளை இங்கேயே இருக்கும். பிரேம்குமார் இதற்கெல்லாம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனாள்.

உள்ளே வெள்ளை வெளிச்சமும் புழுக்கமும் மருந்து நெடியுமாக இருந்தது. பிரேம்குமார் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து கலந்துகொண்டிருந்தான். போன மழைக்காலத்திலிருந்தே ஆள் இளைத்திருந்தான். பூ வேலை, தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு என்னா?" என்றான்.

"ஆஸ்பத்திரியில பாட்டிலக் கவுத்தாங்க. ஒரு பாதி மாத்திரை வுழுந்துச்சு."

மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தான். கோடு வரைக்கும் மருந்து நின்றது. அதை அப்படியே டிரம்மில் ஊற்றினான்.

"எனக்கென்னா தெரியும்?" என்றான்.

தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வரிசை முழுக்க அடித்துக்கொண்டே போனான். ரூபா நின்ற இடத்திலேயே நின்றாள். போ என்று அவனும் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரை போய், அடுத்த வரிசையில் அடித்துக்கொண்டே திரும்பி வந்தான். அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் விசையை நிறுத்தினான். முகத்துத் துணியை இறக்கினான்.

"முழுசாப் போட்டா ஒடம்பு சூடாவாதா?" என்று கேட்டான்.

அவன் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வைத்தியம் கேட்கிறான்.

"ஆவாது" என்றாள் ரூபா. "ராத்திரி சோறு துன்னுட்டு முழுசாப் போட்டுக்கினு படுத்துக்கலாம். மொதல்ல கொஞ்ச நாளு தூக்கம் கெடும். அப்பறம் சரியாப்பூடும்."

சொல்லிவிட்டு, தான் ஏன் இதையெல்லாம் சொல்கிறோம் என்று நினைத்தாள். மையத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாதவருக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"அத்திப்பள்ளி போனனே, அன்னைக்கே."

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

"ஸ்ரீராம்னு பேரு குடுத்து எடுத்தேன். ஸ்ரீராமுக்கு இருக்குதுன்னு வந்துச்சு." ஏதோ வேறு ஒருவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான். "பூ மார்க்கெட்டுக்கு வண்டியில போயி அங்கயே படுத்துக்குவமே, அப்ப..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். ரூபா மீதியைக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

கோபம் வரட்டும் என்று காத்திருந்தாள். இத்தனை நாள் தனித் தட்டில் தின்றதற்கும், பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்ததற்கும், இவன் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கும் இப்போது ஒரு கோபம் வந்திருக்க வேண்டும். மண்வெட்டி பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அந்தப் பல் டாக்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பாவம் அந்த மனுஷன் என்று மட்டும் தோன்றியது.

"எப்ப எப்ப எடுப்பீங்க?"

"காய்ச்சலு மாதிரி இருந்தா. இருமல் வந்தா." தெளிப்பானின் வாரைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, "பயமா இருந்தா" என்றான்.

"இந்தப் பூச்சிக்குப் பாதி அளவு மருந்து அடிப்பீங்களா?"

"அடிச்சா எப்படி? சாவாது. மருந்தப் பழகிக்கினு..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"சாரும் அதத்தான் சொன்னாரு" என்றாள் ரூபா. "உங்களக் கூட்டினு வரச் சொன்னாரு. தனி பாட்டிலு குடுப்பாங்களாம்."

"நான் அங்க வந்து நின்னா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"ஊருக்குத் தெரிய வேணாம். ஊட்டுக்குத் தெரியணும். ஞாயித்துக்கெழம உங்க பெரியப்பா முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. நான் போறதுன்னாகூடப் போறேன், மேகலா எங்கூட இருக்கணும்."

"சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்னு சொல்றன்ல" என்று துணியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முனிவேல் குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து வாசலில் இறங்கினான். பிரேம்குமாரின் பெரியப்பா திம்மப்பன் நடுவீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாகத்தான் சொல்வார். ஊருக்கு ஒன்றும் தெரியாது. ஆத்தா வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அக்கம்பக்கத்துக்கு ஒரு கதை தயாராக இருந்தது. ஆத்தா வீட்டுக்குப் போகிறவள் பீரோவையும் தூக்கிக்கொண்டு ஏன் போகிறாள் என்று கேட்டால் சொல்வதற்குத்தான் பதில் இல்லை.

மேகலா வண்டியைப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள். தானும் ஏறிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்து, செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நஞ்சம்மா அவளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

"யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்மா" என்றார் திம்மப்பன். "ஒடம்பு தேறுற வரைக்கும் உங்கம்மா ஊட்டுல இரு. இங்கயும் பாக்கறதுக்கு ஆளு இல்ல. கொழந்த இங்கயே இருக்கட்டும். பொட்டப்புள்ள. ஏதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்கு அதுக்கு யாரு வாழ்க்க குடுப்பாங்க?"

"ஒட்டாது மாமா. புள்ளைக்கு டெஸ்ட்டு எடுத்தாச்சு."

"ஆஸ்பத்திரிக்காரன் ஆயிரம் சொல்லுவான். எத்தன மணிக்கு எது ஒட்டும்னு அவன் கண்டானா?"

ரூபா அண்ணனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. தங்கச்சியை எந்த அறையில் வைப்பது என்பதே அவனுக்கு இன்னும் தீராத கவலை. "மாமா சொல்றதும் ஞாயந்தான் ரூபா. போவப் போவப் பாத்துக்கலாம்" என்றான்.

ரூபா புருஷனைப் பார்த்தாள். பிரேம்குமார் கதவுநிலையில் சாய்ந்து நின்று, கட்டைவிரல் நகத்தால் இன்னொரு கட்டைவிரலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இப்போது சொல்வான், இதோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். திம்மப்பனே அவனுக்கு வழி எடுத்துக் கொடுத்தார்.

"என்னப்பா பிரேமு, உனக்கு ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு என்னக் கேக்கலன்னு சொல்லக் கூடாது."

"பெரியப்பா சொன்னா சரிதான்" என்றான் பிரேம்குமார்.

முனிவேல் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வண்டி ஓட்டி வந்த ஆளும் அவனுமாக உள்ளே போய்ப் பீரோவைச் சாய்த்துப் பிடித்தார்கள். உள்ளே எங்கோ ஒரு வளையல் டப்பா உருண்டு விழுந்தது. பீரோவின் கால் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு வந்தது. ரூபா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேகலா பாட்டி மடியிலிருந்து, "அம்மா, நான் முன்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றாள்.

ரூபா எழுந்து நின்றாள். கத்தவில்லை. கையில் பையை எடுத்துக்கொண்டாள்.

"மாமா, நான் போறேன். போவ மாட்டேன்னு சொல்லல."

திம்மப்பன் தலையை ஆட்டினார். நஞ்சம்மா நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

"மாத்திரையும் எங்கூட வந்துடும்" என்றாள் ரூபா. "நான் போயிட்டா, அப்பறம் இவரு எதப் போடுவாரு?"

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. திம்மப்பன்தான், "யாரு? எதப் போடுவாரு?" என்று கேட்டார்.

திட்டியோ சாபம் விட்டோ ரூபா அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. பையிலிருக்கிற பாட்டில் பாரூருக்குப் போய்விடும். இவனுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், பயம் வரும். அப்போது பின்கட்டு அறைக்குள் வந்து எதைத் தேடுவான்?

"சும்னிரு!" என்று சீறினாள் நஞ்சம்மா. கோபம் வந்தால் அவள் வாயில் கன்னடம்தான் வரும். வாயை மூடு என்று அர்த்தம். சொன்னவள் மகன் பக்கம் திரும்பினாள். "என்னாடா சொல்றா இவ? சொல்லுடா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு."

பிரேம்குமார் நிமிரவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. இத்தனை நாள் பூ வேலை, தூக்கமில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட இளைப்பு அது. நஞ்சம்மா அதையே பார்த்தாள். பெற்றவள் கண்ணுக்கு அதற்கு மேல் ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

பீரோவைப் பிடித்திருந்த இருவரும் நடு வாசலில் நின்றுவிட்டார்கள். பாரம் தாங்காமல் முனிவேல், "ஏத்தறதா, என்னா பண்றது?" என்றான்.

"அத எறக்குங்க" என்றான் பிரேம்குமார். "உள்ள கொண்டாந்து வெச்சுடுங்க. அவ போவ வேணாம்."

திம்மப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆயிரம் பஞ்சாயத்து பார்த்த மனுஷருக்கு அன்றைக்கு எடுத்துச் சொல்ல ஒரு பழமொழிகூடக் கிடைக்கவில்லை. பீரோ வந்த வழியே தரையைக் கீறிக்கொண்டு திரும்பிப் போனது.

ரூபா நஞ்சம்மாவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். நஞ்சம்மாவின் கைகள் பிள்ளையைச் சுற்றித்தான் இருந்தன. ஆனால் அவற்றில் பிடி இல்லை. அவள் இன்னும் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி போவலயாம்மா?" என்று கேட்டாள் மேகலா.

"போவல."

பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். ரூபாவுக்கும் அழுகை வரும் போலத்தான் இருந்தது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஜெயித்தோம் என்றும் தோன்றவில்லை. நாளைக்குக் காலையில் புருஷனை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கம்பெனிக்கு லீவு சொல்ல வேண்டும் என்ற இரண்டு வேலை மட்டும் மனசில் ஓடியது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அடுப்படியில் உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றித் தன் கையாலேயே பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். தட்டைப் பிடுங்க யாரும் ஓடி வரவில்லை. மேகலாதான், "காரம்மா" என்றாள். ரூபா அடுத்த வாயில் இன்னும் கொஞ்சம் சோறு சேர்த்துப் பிசைந்தாள்.